செலவு என்றால் பயணம்!

பட்டிமன்றத் தலைப்பு: படகுச் சுற்றுலாவில் தனிக்காசு கொடுத்துக் கரையிறங்கிப் பார்ப்பது அவசியமா? அநாவசியமா?
இடம்: பிரம்மதேசம்
‘அவசியமே’ என்ற அணியில் ஆற்றிய உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என்னை எங்கே மடக்கலாம் என்று குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! உப்புக் காத்தையும் கொசுக்கடியையும் பொருட்படுத்தாமல் திரண்டிருக்கிற பிரம்மதேசத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

எதிரணித் தலைவர் பிரமாதமாப் பேசினார். “நைல் நதிப் படகுக்கு லட்சக்கணக்குல கட்டியாச்சு. ஏறி உட்கார்ந்தா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி வழிகாட்டி ஒருத்தர் பட்டியலோட வர்றார். அந்தக் கோயிலுக்கு இவ்வளவு டாலர், இந்தக் கிராமத்துக்கு இவ்வளவு, பலூன்ல பறக்க இவ்வளவு. இது சுற்றுலாவா, சுருட்டலா?” என்று கேட்டார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாப் பேசினா தட்டணும். தட்டினதுக்காக ஒத்துக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே! (சிரிப்பு)

முன்வரிசையில் இருக்கிற தாய்மார்கள் சிலர் முகத்துல ஒரு கேள்வி தெரியுது. “படகுக்குக் காசு கட்டினவங்க, கரைக்கு எதுக்குத் தனியாக் கட்டணும்?” நியாயமான கேள்விம்மா. திண்டிவனத்துல ஒரு ஓட்டலுக்குப் போறீங்க. சாப்பாட்டுச் சீட்டு வாங்கறீங்க. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர், அப்பளம் எல்லாம் அந்தச் சீட்டுல அடக்கம். அப்ப சர்வர் வந்து காதுல மெதுவாச் சொல்றார்: “சார், வஞ்சிரம் வறுவல் இருக்கு.” அது அடக்கமில்லை. தனி பில்! படகுப் பயணமும் அப்படித்தான். அறை, மூணு வேளைச் சாப்பாடு, வழியில் சில கோயில்கள் – இதெல்லாம் சாப்பாட்டுச் சீட்டு. தூரத்துல இருக்கிற கோயில், ஆகாயத்துல பலூன் – இது வஞ்சிரம் வறுவல்.

எதிரணி சொல்வது, சாப்பாடு போதும், வறுவல் வேண்டாம். எங்கள் அணி சொல்வது, மரக்காணம் கடற்கரை வரைக்கும் வந்துட்டு மீன் வாசனையை மட்டும் பிடிச்சுட்டுப் போகாதே. எட்டுத் தட்டு வறுவலையும் வாங்காதே. எது நல்ல மீன் என்று கேட்டு, ஒரு தட்டு வாங்கு! நான் சுத்த சைவங்க, ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் தமிழாசிரியன். அதனால ஒரு சொல்லை எடுத்துக்கிறேன். ‘செலவு’. இன்னிக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே குடும்பத் தலைவருக்கு ரத்த அழுத்தம் ஏறுது. ஆனால் பழந்தமிழில் செலவு என்றால் பணம் போவது அல்ல, மனுஷன் போவது. செல்வது செலவு. பயணம்! தலைவன் பொருள் தேடப் புறப்படுகிறான். தலைவியின் கலங்கிய முகத்தைப் பார்த்துப் புறப்படாமல் நின்றுவிடுகிறான். அதற்கு அகத்திணையில் ‘செலவழுங்குதல்’ என்று பெயர். நம்ம எதிரணியினர் செய்வதும் செலவழுங்குதல்தான். தலைவன் அழுங்கியது தலைவியின் முகத்தைப் பார்த்து. இவங்க அழுங்குறது விலைப்பட்டியலைப் பார்த்து! (பலத்த கைதட்டல்)

எங்கே வந்து பேசறோம்னு யோசிச்சுப் பாருங்க. இது பழைய ஓய்மா நாடு. நல்லியக்கோடன் ஆண்ட மண். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். ஆற்றுப்படை என்றால் என்ன? ஆறு என்றால் வழி. பரிசு பெற்று வந்த ஒருவன், எதிரே வருகிற இன்னொருவனுக்கு வழி சொல்லி அனுப்புவது. தமிழ்நாட்டின் முதல் சுற்றுலா வழிகாட்டி அவன்தான்!

அவன் எப்படி வழி சொல்றான் பாருங்க. இப்படிப் போனா கடலோரத்துல எயிற்பட்டினம் வரும்; அங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும். அடுத்து வேலூர், அங்கே புளிச்சோறும் சுட்ட இறைச்சியும் கிடைக்கும். அப்புறம் ஆமூர், அங்கே வெள்ளைச் சோறும் நண்டும் கிடைக்கும். எந்த ஊர்ல இறங்கினா என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதைப் புறப்படுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறான். அந்த எயிற்பட்டினம் நம்ம மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் கருத்து. அந்த வழிகாட்டியிடம் மறைமுகக் கட்டணம் இல்லை. கடைசியில தலையைச் சொறிஞ்சுக்கிட்டு டிப்ஸும் கேட்கலை! (சிரிப்பு) இன்றைய படகுக் கம்பெனிக்காரரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதைத்தான். இறங்குகிற இடமும் விலையும் புறப்படுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

படகுப் பயணம் இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணத்தில் முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், சுமார் 420 கிலோமீட்டர். 1877-78 பஞ்ச காலத்தில், கூலி கொடுத்து உயிர் காப்பதற்காகச் சென்னையில் அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள். உப்பும் விறகும் அந்தத் தண்ணியில போச்சு; மனுஷனும் போனான். பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு அந்தக் கால்வாயில் ஓடமேறி மாமல்லபுரம் போனதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். அதன் தலைப்பு என்ன தெரியுமா? ‘மாவலிபுரச் செலவு’! பார்த்தீங்களா, மறுபடியும் செலவு. ஓடத்துல போனார், எதற்குப் போனார்? இறங்கிச் சிற்பத்தைப் பார்க்கப் போனார். “ஓடத்துக்குக் கூலி கொடுத்தாச்சு, இங்கேயே உட்கார்ந்துக்கலாம்” என்று சொல்லவில்லை.

இன்னும் பின்னால போவோம். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது ஒரு சாடியில் ஏழரைக் கிலோ இந்திய மிளகு கிடைத்தது. குசேர் அல் காதிம் என்ற இன்னொரு துறைமுகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது. சரி, வியாபாரி துறைமுகத்தோட நின்னானா? இல்லை! நைல் நதிக்கு மேற்கே அரசர்களின் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள கல்லறைச் சுவர்களில் தமிழ் பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் இருப்பதாக 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சிகை கொற்றன் என்று ஒருவன். ஒரு கல்லறையில் இல்லை, பல கல்லறைகளில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். சுவத்துல பேர் எழுதற பழக்கம் நமக்கு நேத்து வந்தது இல்லைங்க! (பலத்த சிரிப்பு) எழுதினது தப்பு, யாரும் பின்பற்றாதீங்க. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வந்தது வியாபாரத்துக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ராஜாக்களின் கல்லறையில என்ன வேலை? இவ்வளவு தூரம் வந்தோம், இறங்கிப் பார்த்துட்டுப் போவோம் என்கிற ஆசைதானே? அந்த ஆசை இல்லேன்னா அவன் பெயரே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

இப்போது எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன். “இது சுருட்டல்” என்றார்கள். சுருட்டல் நடக்கிறது, நான் மறுக்கலை. ஆனால் அதற்கு மருந்து, இறங்காமல் இருப்பது அல்ல, கேட்டு இறங்குவது. வருமானம் வருகிற வாய்க்கால் சிறிதானாலும் கேடில்லை, போகிற வாய்க்கால் அதைவிட அகலமாகாமல் இருந்தால் போதும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னார். அவர் போகிற வாய்க்காலை அடைக்கச் சொல்லலை. அகலத்தைப் பார்க்கச் சொன்னார். வாய்க்கால் இல்லாமல் பாத்திக்குத் தண்ணி ஏறாது, உப்பு விளையாது என்பதை உப்பளத்துக்காரங்களுக்கு நான் சொல்லவா வேணும்?

அகலத்தை எப்படிப் பார்ப்பது? மூன்றே கேள்வி. ஒன்று: இந்த இடத்துக்கு நானே நடந்து போக முடியுமா? கோம் ஓம்போ கோயில் நைல் கரையிலேயே நிற்கிறது. படகுத் துறையிலிருந்து சில நிமிட நடை. அங்கே போக எவனாவது வண்டிக்கூலி கேட்டா, கும்பிடு போட்டுட்டு நடங்க. அபு சிம்பல் கோயில் அப்படியல்ல. அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் பாலைவனச் சாலை. விடியறதுக்கு முன்னாடி புறப்படணும். அங்கே காசு கொடுத்தால் அது தூரத்துக்குக் கொடுக்கிற காசு, நியாயம்.

இரண்டு: சீட்டுல எது அடக்கம், எது தனி? ‘அரசர்களின் பள்ளத்தாக்கு உண்டு’ என்று போட்டிருக்கும். சாதாரண நுழைவுச் சீட்டில் மூன்று கல்லறைதான் பார்க்கலாம். 1922-ல் கண்டுபிடித்தார்களே துட்டன்காமன் கல்லறை, அதற்குத் தனிச் சீட்டு. அந்தப் பொன் முகமூடியைப் பார்க்கலாம் என்று நினைத்துக் காசு கட்டாதீங்க. அது அங்கே இல்லை, கெய்ரோ பக்கம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, அந்த ராஜாவின் உடல் கிடக்கிற அறையைப் பார்க்கணும்னு தோணினா கட்டுங்க.

மூன்று: என் உடம்புக்கு ஆகுமா? லக்சரில் பலூன் சவாரி அழகுதான். ஆனால் 2013-ல் அங்கே நடந்த பலூன் விபத்தில் 19 பேர் உயிர் போனது. நீங்க எடுத்த காப்பீட்டுல பலூன் அடக்கமான்னு கேளுங்க. ஆகாதுன்னா, கீழே நின்னு அண்ணாந்து பாருங்க. அதுக்குக் கட்டணம் இல்லை. (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி ஒருவர், “நாமளே ஒரு ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பாதி விலையில பார்த்துட்டு வந்துடலாமே” என்றார். சகோதரி, பக்கத்துல இருக்கிற இடத்துக்கு நல்ல யோசனை. நானே அப்படித்தான் செய்வேன். தூரத்து இடத்துக்கு ஒரு சங்கடம் இருக்கு. நைலில் எஸ்னா என்ற இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகு இருக்கிறது. படகுகள் வரிசையில் நின்று தாண்டணும். நம்ம படகு, முறையை விட்டுக்கொடுத்துட்டு நமக்காக நிக்காது. படகுக்காரரே அனுப்பிய வண்டி பஞ்சரானால் அது அவர் பொறுப்பு. நாமளே பிடிச்ச வண்டி பஞ்சரானா? மஞ்சப்பை மட்டும் நம்ம கையில இருக்கும். பெட்டி அஸ்வானுக்குப் போயிடும்! (சிரிப்பு, கைதட்டல்)

“படகிலேயே எல்லா வசதியும் இருக்கே” என்றார் மூன்றாவதாகப் பேசிய நண்பர். வாரணாசியிலிருந்து 2023 ஜனவரி 13 அன்று புறப்பட்டது கங்கா விலாஸ். திப்ருகர் வரை 3,200 கிலோமீட்டர், 51 நாள், 27 நதிகள். மொத்தமே 18 அறை. அவ்வளவு சொகுசான கப்பலுக்குச் சொன்ன பெருமை என்ன? மெத்தையா? வழியில் ஐம்பது இடங்களில் இறங்கலாம் என்பதுதான். பீகாரில் தண்ணீர் குறைவான இடத்தில்கூடப் பெரிய கப்பலை ஆழத்தில் நிறுத்திவிட்டு, சின்னப் படகில் பயணிகளைச் சிராந்த் என்னும் தொல்லியல் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நம்ம கடற்கரையிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டிலியா சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே வந்தது. இறங்க அரசு அனுமதி கொடுக்கவில்லை. உள்ளே சாப்பாடு இருக்கு, பாட்டு இருக்கு, நீச்சல் குளம் இருக்கு. ஆனா மறுநாள் எல்லாரும் பேசினது எதை? இறங்க முடியாம போன புதுச்சேரியை!

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் சிரிச்சுப் பேசினேன். இனிமேல் சொல்லப்போவதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். அஸ்வான் அணை கட்டியபோது அபு சிம்பல் கோயில் மூழ்காமல் இருக்க, 1964-லிருந்து 1968 வரை அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, அறுபது மீட்டருக்கும் மேலே தூக்கி, மறுபடி கோயிலாகவே அடுக்கிய கதையைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துவார். வருஷத்தில் இரண்டு நாள், பிப்ரவரி 22, அக்டோபர் 22, காலைச் சூரியன் கருவறை வரை போய் விழும் என்பதைச் சொல்லும்போது அவர் கண்ணே பிரகாசிக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகன், அப்பா அம்மாவுக்கு நைல் பயணத்துக்குப் பணம் கட்டினான். நல்ல பிள்ளை. கோடியில் ஒருவன்.

படகில் பட்டியல் வந்தது. அபு சிம்பல் தனி. ஒரு ஆளுக்கு நூறு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலருக்கு 90 ரூபாய் என்றால் ஒருவருக்கு ஒன்பதாயிரம், இரண்டு பேருக்குப் பதினெட்டாயிரம். வாத்தியார் மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார். பையன் ஏற்கெனவே இவ்வளவு செலவு பண்ணிட்டான், இன்னும் எப்படிக் கேட்கிறது? வழிகாட்டியிடம் சொன்னார்: “எனக்கு முட்டி வலி தம்பி. நாங்க படகுலயே இருக்கோம்.”

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி மற்றவங்க எல்லாம் சிற்றுண்டிப் பொட்டலத்தோடு கிளம்பினாங்க. இவங்க ரெண்டு பேரும் மேல்தளத்துல நாற்காலி போட்டுத் தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஊர் திரும்பியதும் மகன் போன் பண்ணினான். “அபு சிம்பல் எப்படிப்பா இருந்தது? நீங்க எங்களுக்கு நடத்தின பாடம் ஆச்சே!” வாத்தியார் சொன்னார்: “ரொம்ப நல்லா இருந்ததுப்பா. நீ இல்லேன்னா பார்த்திருக்கவே முடியாது.” வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக்கொடுத்தவர் சொன்ன பொய் அது! அந்த அம்மா இதை என் மனைவியிடம் சொல்லும்போது, “முட்டி வலி எனக்குத்தான், அவருக்கு இல்லை” என்றாராம். (அரங்கில் அமைதி)

எதிரணியினரே, உங்கள் கணக்குப்படி அந்தக் குடும்பத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் மிச்சம். மிச்சமா அது? லட்சக்கணக்கில் கட்டி, எந்த இடத்துக்காகப் போனாரோ அந்த இடத்தின் வாசல்வரைக்கும் போய்த் திரும்பினாரே, அந்த லட்சங்கள் அல்லவா வீண்?

நைல் எல்லாம் நமக்கு எங்கேன்னு நினைக்காதீங்க. கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் சுற்றுலா போறோம். பஸ் கட்டணம் கட்டியாச்சு. விவேகானந்தர் பாறைக்குப் படகுச் சீட்டு தனி. எத்தனை பாட்டிமார் “எனக்குத் தண்ணி பயம், நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்” என்று கரையில் உட்கார்ந்திருக்காங்க! தண்ணி பயமா அவங்களுக்கு? கடலோரத்துல பொறந்தவங்களுக்குத் தண்ணி பயமா? பேரப்பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் ஆகட்டுமேங்கிற கணக்கு அது! (கைதட்டல்)

அதனால பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவைப் பயணம் அனுப்பினால் சாப்பாட்டுச் சீட்டு மட்டும் வாங்கிக் கொடுத்துட்டு விட்டுடாதீங்க. கூடுதல் இடங்களின் பட்டியலைப் புறப்படுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெற்றவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இதுல எது ரொம்பப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். விலையைக் காட்டிவிட்டுக் கேட்காதீங்க. விலையை மூடிக்கிட்டுக் கேளுங்க. சொன்ன ஒன்றுக்கோ இரண்டுக்கோ இங்கேயே கட்டிவிடுங்கள். கட்டியது என்று தெரிந்தால்தான் போவாங்க. அங்கே போய்க் கார்டு தேய்த்தால் பல வங்கிகள் அந்நியச் செலாவணிக்கு என்று மூன்றரை சதவீதம் வரை தனியாகப் பிடிக்கும். ஆற்றில் தண்ணி குறைந்தால் பயணமே மாறும். 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவின் ரைன் நதியிலேயே தண்ணீர் வற்றி, படகுப் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டி வந்தது. அப்படி இறங்குமிடம் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கைச்செலவுக்கும் வழிகாட்டிக்குக் கொடுக்கிற இனாமுக்கும் ஒரு உறையில் தனியாகப் போட்டு, “இதைத் திருப்பிக் கொண்டுவந்தா கோச்சுக்குவேன்”னு சொல்லி அனுப்புங்க.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க மறைக்கிற ஆசையைப் பிள்ளையால கண்டுபிடிக்க முடியாது. கேளுங்க ஐயா. உப்பளத்து வெயிலிலும் பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புத் தூளிலும் உழைச்சு ஆளாக்கின பிள்ளைகிட்ட ஒரு கோயில் பார்க்கணும்னு கேட்கிறது கடன் கேட்கிறது ஆகாது.

நடுவர் அவர்களே, தேவையில்லாத பத்து இடத்துக்குக் காசு கட்டச் சொல்லி நாங்கள் வாதாடவில்லை. மனசுக்குப் பிடிச்ச ஓரிடத்தைத் தேர்ந்து, கேட்டு, கட்டி, இறங்கிப் பார் என்கிறோம். பணம் வங்கியில் இருந்தால் வட்டி வரும். அபு சிம்பலுக்குப் போகிற வயசும் முட்டியும் திரும்ப வராது. ஆகவே, காசு போவது மட்டும் செலவல்ல, கரையில் கால் வைப்பதே செலவு என்று கூறி, தனிக்காசு கொடுத்துக் கரையிறங்கிப் பார்ப்பது அவசியமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)